மட்டக்குளிப் பக்கம் உதவிப் பொதி கொடுக்கப் போகிறோம், எந்த வீட்டுக்குக் கொடுப்பது?

முகத்துவாரம்_பொடியன் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். கொழும்பில் மட்டக்குளி, முகத்துவாரம், அளுத்மாவத்தைப் பக்கத்துப் பொடியன்களும் பிள்ளைகளுமாக நாங்கள் பன்னிரண்டு பேர் சேர்ந்திருக்கிறோம். முக்கால்வாசிப் பேர் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு ரிசல்ட்டுக்காக வீட்டில் இருப்பவர்கள், இரண்டு பேர் புறக்கோட்டையில் கடையில் நிற்கிறார்கள், ஒருத்தி மொண்டிசூரியில் உதவி டீச்சர். சும்மா ஃபோனைத் தடவிக்கொண்டு இருப்பதைவிட ஏரியாவில் கஷ்டப்படும் குடும்பங்களுக்கு ஏதாவது செய்வோம் என்று பேச்சு வந்தது. சொந்தக்காரர், பழைய மாணவர்கள், வெளிநாட்டில் இருக்கும் மாமாமார் என்று கேட்டதில் 180,000 ரூபாய் சேர்ந்துவிட்டது. இவ்வளவு வரும் என்று நாங்களே நினைக்கவில்லை.

முதல் யோசனை 4,500 ரூபாய்ப் பொதி 40. அரிசி 5 கிலோ, பருப்பு, சீனி, மா, தேயிலை, ஒரு பால்மா பக்கெட், சோயாமீட், டின்மீன், சவர்க்காரம். கணக்கு சரியாக வருகிறது.

சிக்கல் இனித்தான். யாருக்குக் கொடுப்பது? ஏரியாவுக்குப் பொறுப்பான அரச அலுவலர் கிராம சேவகரிடம் போய்க் கேட்டோம், மனுஷன் நல்ல மாதிரிப் பேசி ஒரு பட்டியலும் தந்தார். பார்த்தால், எங்களுக்குத் தெரிந்து உண்மையிலேயே அடுப்பு எரியாத சில வீடுகள் அதில் இல்லை, வாசலில் மோட்டார் சைக்கிள் நிற்கும் வீடுகள் இருக்கின்றன. சேர்ச்சில் வேறு பட்டியல், கோயிலில் வேறு பட்டியல். ஃபேஸ்புக்கில் போட்டு, கேட்கிறவர்களுக்கெல்லாம் கொடுப்போம் என்கிறான் ஒருவன். அப்படிச் செய்தால் வெட்கப்பட்டுக் கேட்காமல் இருப்பவர்களுக்கு என்ன வழி என்று இன்னொருத்தி. இதிலேயே இரண்டு கூட்டம் முடிந்துபோனது.

அடுத்தது ஃபோட்டோ. காசு தந்தவர்கள் சிலர் ஃபோட்டோ கேட்கிறார்கள். எடுக்கலாமா, எடுத்தால் எப்படி?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எங்கள் குழுவிலேயே இரண்டு பேர் வீட்டு நிலைமை பொதி வாங்குகிற நிலைமைதான். அவர்களும் எங்களோடு சேர்ந்து பொதி கட்டப்போகிறார்கள். அவர்களுக்குக் கொடுத்தால் மனம் நோகுமா, கொடுக்காவிட்டால் அது சரியா, ஒன்றும் பிடிபடவில்லை.

இந்த மாதிரி வேலை செய்து அனுபவம் உள்ள அண்ணாமார் அக்காமார் சொல்லுங்கள். திட்டினாலும் பரவாயில்லை.

---

வெள்ளவத்தை_அக்கா எழுதியது:

தம்பி, திட்டுவதற்கு ஒன்றும் இல்லை, பொதி கட்டுவதற்கு முன்னாலேயே கேட்கிறீர்களே, அதுவே பெரிய விஷயம். கட்டி முடித்து லொறியில் ஏற்றிய பிறகுதான் பலருக்கு இந்தக் கேள்வியே வரும்.

பட்டியலைப் பற்றி முதலில். கிராம சேவகரிடம் இருப்பது பதிவில் உள்ளவர்களின் பட்டியல். கொழும்பில் மிகவும் கஷ்டப்படுகிறவர்கள் பலர் பதிவிலேயே இருக்கமாட்டார்கள். ஹட்டனிலிருந்தோ பதுளையிலிருந்தோ வந்து ஒரு அறை வாடகைக்கு எடுத்து, அடையாள அட்டையில் இன்னும் தேயிலைத் தோட்டத்து முகவரியோடு இருக்கிற குடும்பம். ஒரே வீட்டுக்குள் அண்ணன் குடும்பம், தங்கை குடும்பம், தாய் என்று மூன்று அடுப்பு, ஆனால் ஒரே மின்சார மீட்டர். வாடகைக்காரரைப் பதிய வீட்டுச் சொந்தக்காரர் சம்மதிக்காத இடங்கள். இவர்களெல்லாம் ஊருக்கும் கணக்கில் இல்லை, கொழும்புக்கும் கணக்கில் இல்லை. கிராம சேவகரைக் குறை சொல்லி வேலையில்லை, அவருக்குத் தெரிய வராதவர்களை அவர் எப்படி எழுதுவார்.

இவர்களைக் கண்டுபிடிக்க ஃபேஸ்புக் வேண்டாம். பாடசாலையில் வகுப்பாசிரியருக்குத் தெரியும், எந்தப் பிள்ளை அடிக்கடி வருவதில்லை, எந்தப் பிள்ளை இன்டர்வலில் தண்ணீர் மட்டும் குடிக்கிறது என்று. வீடு வீடாக வரும் குடும்ப நல உத்தியோகத்தர் மிஸ்ஸுக்குத் தெரியும், எந்த வீட்டில் குழந்தையின் நிறை ஏறவில்லை என்று. பெயரைத் தரமாட்டார்கள், தரவும் கூடாது. நீங்கள் கேட்க வேண்டியது, "இப்படி ஒரு உதவி இருக்கிறது, உங்களுக்குத் தெரிந்தவர்களிடம் எங்கள் நம்பரைக் கொடுப்பீர்களா" என்று மட்டும். உங்கள் மொண்டிசூரிப் பிள்ளை இதற்குச் சரியான ஆள்.

இனி பொதி. 2022 பொருளாதார நெருக்கடியில் நாங்களும் கட்டினோம், அப்போது அது சரி. அந்த வருடம் செப்டெம்பரில் கொழும்பில் உணவுப் பணவீக்கம் 94.9 வீதம், அதாவது அதற்கு முந்தைய வருடம் 100 ரூபாய்க்கு வாங்கிய சாமான் கிட்டத்தட்ட 195. கேஸ் இல்லை, மண்ணெண்ணெய்க்கு விடியற்காலை கியூ. அப்போது யாருக்குக் கொடுத்தாலும் பிழையில்லை, ஒழுங்கை முழுக்க ஒரே நிலைமை. சில இடங்களில் ஒன்றாகச் சமைத்தே கொடுத்தார்கள், அது பொதியைவிட நல்லது, ஏனென்றால் சமைக்க அடுப்பில்லாத வீட்டுக்கு அரிசி கொடுத்து என்ன பயன்.

இப்போது நிலைமை அப்படி இல்லை. இப்போதைய கஷ்டம் சில வீடுகளில் மட்டும், ஆனால் அந்த வீடுகளில் அது மாதாமாதம். ஒரு பொதி பத்துப் பன்னிரண்டு நாள் வரும், அவ்வளவுதான்.

ஒரு கணக்கு சொல்கிறேன், நீங்களே பாருங்கள். சமுர்த்தி என்ற அரச உதவித்தொகைக்குப் பதிலாக 2023ல் அஸ்வெசும வந்தது. 2025 ஜனவரியிலிருந்து வறிய குடும்பத்துக்கு மாதம் 10,000, மிக வறிய குடும்பத்துக்கு 17,500. தகுதியுள்ள ஒரு குடும்பத்தை 10,000 பிரிவில் சேர்த்துவிட்டால் வருடத்துக்கு 120,000. இரண்டு குடும்பம் என்றால் 240,000, உங்கள் கையில் இருக்கிற மொத்தக் காசையும்விட அதிகம். அதற்கு உங்களுக்குச் செலவாவது பஸ் காசும் போட்டோகொப்பிக் காசும்தான். விண்ணப்பம் எப்போதும் திறந்திருக்காது, சுற்றுச் சுற்றாகத்தான் எடுப்பார்கள். அதனால் அது திறக்கும்போது ஓடாமல் இப்போதே கடதாசிகளைச் சரிபண்ணி வைக்க வேண்டும்.

உண்மையான வேலை அந்தக் கடதாசிதான். தகப்பனுக்குப் பிறப்புச் சான்றிதழே இல்லை, காலங்கடந்த பதிவு செய்ய வேண்டும். தாயின் பெயர் அடையாள அட்டையில் ஒரு மாதிரி, பிள்ளையின் பிறப்புச் சான்றிதழில் வேறு மாதிரி, சிங்களத்தில் எழுதிய ஆள் காதில் விழுந்தபடி எழுதியிருக்கிறார். பிள்ளை சாதாரண தரம் எழுத வேண்டும், அடையாள அட்டை இல்லை. சட்டத்தில் தமிழ் 1987லிருந்து அரச கரும மொழிதான், ஆனால் கவுண்டரில் தமிழ்ப் படிவம் கேட்டால் "முடிந்துவிட்டது" என்ற பதில் எங்களுக்குக் கிடைத்த அலுவலகமும் உண்டு. வீட்டு வேலைக்குப் போகும் ஒரு அம்மா இதற்காக ஒரு நாள் லீவு போட்டால் அன்றைய சம்பளம் இல்லை. வரிசையில் நின்று, படிவம் சிங்களத்தில் இருப்பதைப் பார்த்துத் திரும்பி வந்தால் அவர் மறுபடி போகவே மாட்டார். உங்களில் சிங்களம் நன்றாக எழுதத் தெரிந்த இரண்டு பேர் கட்டாயம் இருப்பார்கள், கொட்டாஞ்சேனை மட்டக்குளிப் பிள்ளைகளுக்கு அது பெரிய விஷயமே இல்லை. அவர்களை அந்த அம்மாவோடு அனுப்புங்கள்.

முழுக் காசையும் பொதியில் போடாதீர்கள். பாதியாவது வைத்திருங்கள்.

---

கொச்சிக்கடை_சில்லறைக்கடை எழுதியது:

அக்கா சொல்வது சரி. ஆனால் படிவம் சரிவரும்வரை இன்றைக்கு ராத்திரி அந்த வீட்டில் என்ன சாப்பிடுவது? இரண்டும் வேண்டும்.

தம்பி, நான் கடைக்காரன், என் பக்கத்துக் கதையைச் சொல்கிறேன். எந்த வீடு கஷ்டத்தில் இருக்கிறது என்று கிராம சேவகருக்கு முன்னால், சாமிக்கு முன்னால், எனக்குத் தெரியும். கடன் கொப்பி என்னிடம்தானே இருக்கிறது. புறக்கோட்டையில் மூட்டை தூக்கும் நாட்டாமை வேலை செய்கிறவர் தினமும் சாயந்தரம் வந்து கணக்குத் தீர்ப்பார், பிறகு இரண்டு நாளைக்கு ஒரு தரம், பிறகு கிழமைக்கு ஒரு தரம். அப்புறம் அவர் வரமாட்டார், பிள்ளையை அனுப்புவார். பிள்ளை கால் கிலோ அரிசியும் இரண்டு கரண்டி சீனியும் கேட்டால் எனக்கு விஷயம் விளங்கிவிடும். கடைசியில் பிள்ளையும் வராது, வேறு கடைக்குப் போய்விடும், எனக்கு முகம் கொடுக்க வெட்கம். அந்த வீடுதான் நீங்கள் தேடுகிற வீடு.

அதனால், பொதி கட்டுவதை விட்டுவிட்டு ஒழுங்கைக்கு ஒரு கடையைப் பிடியுங்கள். 4,500 ரூபாயைக் கடையில் கட்டி வையுங்கள், அந்த வீட்டுக்காரர் வந்து தனக்கு வேண்டியதை எடுக்கட்டும். உங்கள் பொதியில் பால்மா இருக்கிறது, அந்த வீட்டில் குழந்தை இல்லாவிட்டால்? டின்மீன் இருக்கிறது, மரக்கறி மட்டும் சாப்பிடுகிறவர் என்றால்? அவருக்கு வேண்டியது பம்பர்ஸாக இருக்கும், பேட் ஆக இருக்கும், தலையிடி மாத்திரையாக இருக்கும். சிகரெட் கொடுக்கக் கூடாது என்று கடைக்காரனிடம் முதலிலேயே சொல்லி வையுங்கள்.

பொதிதான் வேண்டும் என்றால் சில்லறைக்கு வாங்கிக் காசை வீணாக்காதீர்கள். நாலாம் குறுக்குத் தெருவுக்குப் போய் பருப்பையும் சீனியையும் மூட்டையாக எடுங்கள், வீட்டில் நிறுத்துக் கட்டுங்கள்.

---

ஸ்கார்பரோ_சித்தப்பா எழுதியது:

தம்பிமார், நல்ல வேலை. நானும் 90கள் வரை கொட்டாஞ்சேனையில் இருந்தவன். ஆனால் ஃபோட்டோ வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். இங்கே கனடாவில் நாங்கள் இரண்டு வேலை செய்து காசு அனுப்புகிறோம். அனுப்பிய காசு எங்கே போனது என்று தெரியாமல் ஏமாந்தவர்கள் எங்கள் பக்கம் நிறையப் பேர். முகத்தை மறைத்தாவது ஒரு ஃபோட்டோ போடுங்கள். ஆதாரம் இல்லாவிட்டால் அடுத்த முறை ஒருவரும் தரமாட்டார்கள், நான் உள்ளதைச் சொல்கிறேன்.

---

ஏழாம்_மாடி எழுதியது:

நான் பொதி வாங்குகிற பக்கத்தில் இருக்கிறவள், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

முதலில் சித்தப்பாவுக்கு. ஐயா, உங்கள் கஷ்டம் விளங்குகிறது. ஆனால் முகத்தை மறைத்தாலும் எங்கள் கதவையும் என் மகளின் யூனிஃபோமையும் மறைக்க முடியாது. தொடர்மாடியில் எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு குழு வந்து போட்ட படம் என் மகளின் வகுப்பு வட்ஸ்அப் குரூப்புக்கு வந்து சேர்ந்தது. அதன் பிறகு அவள் ஒரு கிழமை ஸ்கூலுக்குப் போகமாட்டேன் என்றாள். அந்தப் பொதி எங்களுக்கு எவ்வளவு நாள் வந்தது என்று எனக்கு ஞாபகம் இல்லை, இது மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஆதாரம் வேண்டும் என்றால் கடை பில்லைப் போடுங்கள், அடுக்கி வைத்த மூட்டையைப் போடுங்கள், எத்தனை வீடு என்று எண்ணிக்கையைப் போடுங்கள். அதிலும் நம்பிக்கை இல்லாதவர் லீவுக்கு வரும்போது நேரில் வந்து கொடுக்கட்டும், ஏழு மாடி ஏறி. லிஃப்ட் வேலை செய்யும் என்று நான் உறுதி சொல்லமாட்டேன்.

இனித் தம்பிக்கு. எங்களைத் தோட்டத்து வீட்டிலிருந்து (கொழும்பில் நெருக்கமான குடிசை வீடுகள் உள்ள இடத்தைத் தோட்டம் என்போம்) மாடிக்கு மாற்றியபோது எல்லாரும் நல்லது என்றுதான் சொன்னார்கள். டாய்லெட் உள்ளே, தண்ணீர் உள்ளே, மழைக்கு ஒழுகாது, அது உண்மை. ஆனால் அங்கே வாசலில் இடியப்பம் அவித்து விற்றேன், காலையில் எழுந்தால் ஒன்பது மணிக்குள் கையில் காசு. ஏழாம் மாடியில் யார் வந்து இடியப்பம் வாங்குவது? பக்கத்து வீட்டு ஆச்சி பிள்ளையைப் பார்த்துக்கொள்வார், அவருக்கு வேறு கட்டிடத்தில் வீடு விழுந்துவிட்டது. தெரிந்த கடைக்காரர் கொப்பியில் எழுதுவார், இங்கே புதுக் கடை, முகம் தெரியாது, கடன் இல்லை. வருமானம் குறைந்தது, அதோடு புதிதாக மாதக் கட்டணம் வேறு. கட்டிடத்தைப் பார்க்கிறவர்கள் "நல்ல ஃப்ளாட்தானே, இவர்களுக்கு என்ன குறை" என்று தாண்டிப் போய்விடுவார்கள். மட்டக்குளி, தெமட்டகொடை, கொலன்னாவை என்று இந்த மாதிரிக் கட்டிடங்கள் எல்லாவற்றிலும் இதே கதை கேட்கலாம். அதனால் தம்பி, வீட்டின் வெளிப்பக்கத்தைப் பார்த்துப் பட்டியல் போடாதீர்கள். வாசலில் மோட்டார் சைக்கிள் நிற்கிறது என்று எழுதியிருந்தீர்கள், அது லீசிங்கில் எடுத்ததாக இருக்கும், சாப்பாடு டெலிவரி செய்கிற பொடியனின் பிழைப்பே அதுதான். எங்கள் மாடியிலேயே இரண்டு பேர் அப்படி.

எப்போது வருகிறீர்கள் என்பதும் முக்கியம். பொங்கலுக்கு, சித்திரை வருஷத்துக்கு, நத்தாருக்கு நாலு பக்கமிருந்தும் வருவார்கள், ஒரே கிழமையில் மூன்று பொதி வந்து பருப்பில் வண்டு விழுந்ததும் உண்டு. ஸ்கூல் தொடங்குகிற மாதம் ஒருவரும் வரமாட்டார்கள். பாடப்புத்தகமும் யூனிஃபோம் துணியும் அரசாங்கம் தருகிறது, அப்பியாசக் கொப்பி, சப்பாத்து, பை, ஸ்கூல் வேன் காசு எங்கள் தலையில்.

எனக்கு உண்மையில் யாராவது உதவிய நாள் எது என்று யோசித்தால், அம்மாவைத் தேசிய வைத்தியசாலைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போன நாள்தான். மருந்து இலவசம், டொக்டர் இலவசம், ஆனால் விடியற்காலையில் போய் நம்பர் எடுக்க வேண்டும், மத்தியானம்வரை நிற்க வேண்டும், நான் போனால் என் வேலை போய்விடும். சேர்ச்சில் பழக்கமான ஒரு பிள்ளை அம்மாவோடு போய் இருந்து, டொக்டர் சிங்களத்தில் சொன்னதை ஒரு துண்டில் தமிழில் எழுதிக்கொண்டு வந்து தந்தாள், எந்த மாத்திரை காலையில், எந்த மாத்திரை இரவில் என்று. அந்தத் துண்டு இன்னும் எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் கதவில் இருக்கிறது. (ஆமாம், ஃப்ரிட்ஜ் இருக்கிறது, பழுதானது, உள்ளே அரிசி வைத்திருக்கிறேன். எலி போகாது.)

---

மாளிகாவத்தை_நானா எழுதியது:

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். சகோதரி எழுதியதற்குப் பிறகு எழுதுவதற்கு அதிகம் இல்லை. அவர் கடைசியாகச் சொன்ன கிளினிக் விஷயத்தை மட்டும் பிடித்துக்கொண்டாலே உங்கள் பன்னிரண்டு பேருக்கும் வருடம் முழுக்க வேலை இருக்கிறது.

எங்கள் மஹல்லா, அதாவது பள்ளிவாசல் பகுதிப் பொடியன்கள் ஒன்றுசேர்ந்தது 2016 மே வெள்ளத்தில். களனி கங்கை பெருகி கொலன்னாவை, வெல்லம்பிட்டி, சேதவத்தை எல்லாம் தண்ணீரில் நின்றது. நாடு முழுக்க இருந்து உடுப்பு வந்தது. பழைய உடுப்பு, மலை மாதிரி. நனைந்து, நாறி, கடைசியில் அதை அள்ளிப் போடவே ஆள் பிடிக்க வேண்டியதாயிற்று. அங்கே தேவைப்பட்டது தும்புத்தடி, வாளி, சேறு அள்ள மண்வெட்டி, கிணற்றுக்குக் குளோரின், பெண்களுக்குப் புதிய உள்ளுடுப்பு, பேட். தண்ணீர் வடிந்த பிறகு சேற்றில் இறங்கி வீடு கழுவ ஆள் வேண்டும், அப்போதுதான் வந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் போயிருந்தார்கள். 2025 நவம்பரில் டித்வா புயலோடு அதே கரை மறுபடி தண்ணீருக்குள் போனது, இந்த முறை பொடியன்கள் முதல் நாளே தும்புத்தடி வாங்கினார்கள். உங்கள் இடமும் ஆற்று வாய்தான், எப்படியும் ஒரு நாள் இறங்க வேண்டி வரும். இறங்குவதற்கு முன்னால் சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்தில் கேட்டு எலிக்காய்ச்சலுக்கான மாத்திரை எடுங்கள், காலில் காயம் இருக்கிறவனை இறக்காதீர்கள்.

காசு விஷயத்தில் எனக்கு வேறு கருத்து. ஸகாத் என்ற கட்டாயத் தருமம் கொடுக்கும்போது எங்கள் பள்ளிவாசலில் பெரியவர்கள் சொல்வது, நாற்பது பேருக்குக் கொஞ்சம் கொஞ்சம் கிள்ளிக் கொடுப்பதைவிட இரண்டு மூன்று பேர் அடுத்த வருடம் கேட்க வராத மாதிரிக் கொடு என்று. ஒரு பெண்ணுக்குத் தையல் மெஷின், ஒருவருக்குக் கடலை வண்டி, ஒருவருக்கு அடகில் இருக்கிற கருவியை மீட்டுக் கொடுப்பது. இது எல்லா நேரமும் சரிவருவதில்லை, தையல் மெஷினை விற்றவரும் உண்டு, ஆனால் விற்றதும் ஏதோ ஒரு அவசரத்துக்குத்தான். எங்கள் பக்கம் பட்டியல் மூன்று பேர் கையில் மட்டும் இருக்கும், நான்காவது ஆளுக்குத் தெரியாது.

பிள்ளைகளுக்குப் படிப்பிக்க நினைத்தால் எல்லாப் பாடத்திலும் கை வைக்காதீர்கள், சாதாரண தரக் கணிதத்தை மட்டும் எடுங்கள். உயர்தரத்துக்குப் போக ஆறு பாடம் சித்தி வேண்டும், அதில் கணிதமும் தாய்மொழியும் கட்டாயம், மூன்று பாடத்தில் திறமைச் சித்தி. நம் பிள்ளைகள் நிறையப் பேர் கணிதத்தில்தான் நின்றுவிடுகிறார்கள், டியூஷனுக்குக் காசில்லை. நீங்கள் இப்போதுதான் பரீட்சை முடித்தவர்கள், சூத்திரமெல்லாம் இன்னும் மறந்திருக்காது. ஐந்து பிள்ளைக்குமேல் எடுக்காதீர்கள். என் மகள் கெம்பஸ் போகிறவள், அவளும் கிழமையில் இரண்டு மாலை இதைத்தான் செய்கிறாள். ஐந்து பேரில் ஒருவன் இன்னும் பின்னத்தில் நிற்கிறான் என்று தினமும் என்னிடம் புலம்பல்.

பொதுவான இடத்தில் வையுங்கள், கதவு திறந்திருக்க வேண்டும், பெரியவர் ஒருவர் கூட இருக்க வேண்டும். எந்த வீட்டுக்கும் தனியாகப் போகக் கூடாது, இரண்டு பேராக, பெண்பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்கு உங்களில் ஒரு பெண்ணும் சேர்ந்து. போகிற வீட்டில் பிள்ளையை அடிக்கிறார்கள், வேறு ஏதும் சரியில்லை என்று தெரிந்தால் நீங்களே பஞ்சாயத்து செய்யாதீர்கள், சிறுவர் பாதுகாப்புக்கு 1929 என்ற ஃபோன் நம்பர் இருக்கிறது, தமிழிலும் பேசலாம்.

---

முகத்துவாரம்_பொடியன் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. நேற்று இரவு இதையெல்லாம் குரூப்பில் வாசித்தோம். ஏழாம்_மாடி அக்கா, மோட்டார் சைக்கிள் விஷயம் எங்களுக்கு நல்லாய்ப் பட்டது. அந்த வீட்டுப் பொடியனை விசாரித்தோம், டெலிவரிதான் செய்கிறான்.

முடிவு இப்படி: 15 வீட்டுக்குக் கடை வழியாக 4,500 வீதம், அதாவது 67,500. மிச்சத்தில் ஒரு பகுதி ஸ்கூல் தொடங்கும்போது கொப்பிக்கும் சப்பாத்துக்கும். கடதாசி வேலைக்கும் கிளினிக்குக்கும் பஸ் காசு தனியாக எடுத்து வைக்கிறோம். சிங்களம் எழுதத் தெரிந்தவர்கள் நாலு பேர் தேறினார்கள். நானா சொன்ன தையல் மெஷின் யோசனைக்கு இரண்டு பேர் ஆதரவு, மற்றவர்கள் "இன்னும் வீடுகளே தெரியாது, யாருக்கு வாங்குவது" என்கிறார்கள், அதைத் தள்ளி வைத்திருக்கிறோம். ஃபோட்டோ இல்லை, பில் மட்டும். சித்தப்பா கோபிக்க வேண்டாம்.

இன்னும் பதில் கிடைக்காதது எங்கள் குழுவில் இருக்கிற இரண்டு பேர் விஷயம்தான். அவர்களும் இந்த ஃபோரம் பார்க்கிறவர்கள், அதனால் நான் சுற்றி வளைத்துத்தான் எழுதுகிறேன்.

---

ஸ்கார்பரோ_சித்தப்பா எழுதியது:

கோபம் ஒன்றும் இல்லை. சகோதரியின் மகள் கதை மனதைச் சுட்டுவிட்டது. பில்லை ஒழுங்காகத் திகதியோடு போடுங்கள், காசு ஒருவரின் சொந்தக் கணக்கில் இல்லாமல் இரண்டு பேர் கையெழுத்துப் போடுகிற கணக்கில் இருக்கட்டும். அடுத்த தரம் நான் இங்கே கேட்டுப் பார்க்கிறேன்.

---

வெள்ளவத்தை_அக்கா எழுதியது:

தம்பி, அந்த இரண்டு பேர் விஷயத்தில் கூட்டம் போட்டுப் பேசவே பேசாதீர்கள். 15 வீட்டில் இரண்டு வீடு யாருடையது என்று கணக்குப் பார்க்கிற ஒருவருக்கு மட்டும் தெரிந்தால் போதும். கடை வழியாகக் கொடுக்கிற முறையில் இதுதான் வசதி, உங்கள் குழுவில் யாரும் யார் வீட்டுக் கதவையும் தட்டப் போவதில்லை. கடைக்காரர் அந்த வீட்டு அம்மாவிடம், "உங்கள் பெயரில் இவ்வளவு கட்டியிருக்கிறார்கள்" என்று சொன்னால் முடிந்தது. பொடியனிடமோ பிள்ளையிடமோ நீங்கள் ஒரு வார்த்தை கேட்க வேண்டாம், அவர்களும் கேட்கமாட்டார்கள்.

அதோடு இன்னொன்று. அவர்களைக் கட்டாயம் கடதாசி வேலையில் போடுங்கள். அஸ்வெசும படிவத்தில் என்ன கேட்பார்கள், எந்த இடத்தில் மடக்குவார்கள் என்று சொந்த வீட்டில் பட்டவர்களுக்குத்தான் தெரியும். உங்களில் மற்றவர்கள் அவர்களிடம் கேட்டுப் படிக்க வேண்டி வரும்.

---

கொச்சிக்கடை_சில்லறைக்கடை எழுதியது:

கடை வழியாக என்று முடிவெடுத்தது சந்தோஷம். இவன் தன் வியாபாரத்துக்காகச் சொன்னான் என்று யாரும் நினைக்கக் கூடாது என்பதற்காக, என் கடையிலேயே கட்ட வேண்டாம், அந்தந்த ஒழுங்கைக் கடையிலேயே கட்டுங்கள். மட்டக்குளிப் பக்கம் எனக்குத் தெரிந்த இரண்டு கடைக்காரர்கள் இருக்கிறார்கள், பேசி வைக்கிறேன். கொப்பியை வெளியே எடுத்துக் காட்டமாட்டார்கள், வாயால்தான் சொல்வார்கள், நீங்களும் எழுதக் கூடாது.

ஞாயிறு பத்து மணிக்குப் பிறகு வாருங்கள், பன்னிரண்டு பேரும் வர வேண்டாம், இரண்டு பேர் போதும். சனிக்கிழமை வராதீர்கள், கடை நிறையச் சனம், நின்று பேச முடியாது.